தொழிலாளிக்கு மனம் இல்லையா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷினில் சத்தம் மாறினால் போதும். மேஸ்திரி ஓடி வருகிறார். சூபர்வைசர் ஓடி வருகிறார். மெயின்டனன்ஸ் ஆள் எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்கிறார். மெஷின் நின்றால் உற்பத்தி நிற்கும். உற்பத்தி நின்றால் லாபம் நிற்கும். ஆகவே மெஷினுக்கு ஓய்வு உண்டு, எண்ணெய் உண்டு, வைத்தியம் உண்டு!

அந்த மெஷினை ஓட்டும் மனிதனுக்கு மூன்று மாதமாகத் தூக்கமில்லை. நெஞ்சு படபடக்கிறது. சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளை பக்கத்தில் வந்தாலும் எரிச்சல் வருகிறது. "எதற்காக உயிரோடு இருக்கிறோம்?" என்ற எண்ணம் இரவு ஷிப்டில் தலைதூக்குகிறது. அவனுக்காக யார் ஓடி வருகிறார்கள்? ஒருவரும் இல்லை. இரண்டு நாள் லேட்டாக வந்தான் என்று மெமோ மட்டும் தவறாமல் வருகிறது!

பூவிருந்தவல்லி, திருமழிசைப் பக்கத்து வயல்களை எடுத்துக்கொள்வோம். ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட இடங்களில் இன்று மனைக் கற்கள் நட்டிருக்கின்றன. நிலம் விற்றவனுக்குப் பணம் வந்தது. வாங்கியவனுக்கு மனை வந்தது. அந்த நிலத்தில் நட்டுக் களையெடுத்து வயிறு வளர்த்த பெண்ணுக்கு என்ன வந்தது? வேலை போயிற்று. சுய உதவிக் கடனின் வாரத் தவணை நின்றபாடில்லை. புருஷன் குடியில் விழுந்தான். அவள் அடுப்பைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். "அவளுக்குச் சோம்பல்" என்கிறது ஊர்.

ஆலைத் தொழிலாளியின் தூக்கமின்மைக்குத் "திமிர்" என்று பெயர். கூலிக்காரியின் துயரத்துக்குச் "சோம்பல்" என்று பெயர். இதே துயரம் பங்களாவில் வந்தால் "டிப்ரஷன்" என்று பெயர், அதற்கு ஏ.சி. அறையில் வைத்தியமும் உண்டு. நோய்க்குப் பெயர் வைப்பதில்கூட வர்க்க பேதமா?

கணக்கு என்ன சொல்கிறது?

உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதாக யாரும் சொல்ல வேண்டாம். சர்க்காரின் கணக்கையே பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். இவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் தினக்கூலிகள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் நம் மாநிலம் நின்றது. இது சோம்பலா? திமிரா?

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. ஏறத்தாழ 15 கோடி இந்தியருக்கு மனநல உதவி தேவை என்று அது கண்டது. நோயின் வகைக்குத் தக்கபடி, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்றும் கண்டது. அதாவது பத்துப் பேருக்கு நோய் என்றால் வைத்தியரின் வாசலை மிதித்தவர் இரண்டு மூன்று பேர். சில நோய்களில் ஒருவர்கூட இல்லை.

ஏன் மிதிக்கவில்லை? முதலில் ஆள் இல்லை. இந்தியாவில் ஒரு லட்சம் ஜனங்களுக்கு மனநல மருத்துவர் முக்கால் பேர்தான்! மருந்து எழுதாமல் பேசிச் சிகிச்சை தரும் உளவியல் ஆலோசகர்களோ அதைவிடக் குறைவு. இரண்டாவது, காசு இல்லை. சென்னையில் தனியார் ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் பேச ஆயிரம் ரூபாய், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று கேட்கிறார்கள். ஒரு முறை போனால் தீராது. வாரம் ஒரு முறை போக வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு என்றே வைத்துக்கொள்வோம். நாலு வாரத்துக்கு 6,000 ரூபாய். 2025-26-ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். ஒரு மாதம் மனம்விட்டுப் பேச அந்தக் கூலிக்காரி பதினெட்டு நாள் கூலியைக் கொடுக்க வேண்டும்! பேசி முடித்துவிட்டு அவள் எதைச் சாப்பிடுவாள்?

துயரத்தை மறக்க வைக்கும் சரக்கை விற்பதில் சர்க்காருக்குச் சுணக்கமே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில்தான். குடித்து மறக்கக் கடை இருக்கிறது. பேசித் தீர்க்க அறை எங்கே?

சட்டம் ஏட்டில் இருக்கிறது

"சட்டம் இருக்கிறதே!" என்று கனவான்கள் சொல்வார்கள். இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் அமுலுக்கு வந்தது. அதன் 18-ஆவது பிரிவு, சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பணம் கொடுக்கும் மனநலச் சேவையைப் பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. அந்தச் சேவை கைக்கு எட்டும் செலவில், நல்ல தரத்தில், போதுமான அளவில், வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சர்க்கார் நிலையங்களில் இலவசமாகச் சிகிச்சை பெறலாம் என்கிறது. 23-ஆவது பிரிவு, சொன்னது வெளியே போகக்கூடாது என்ற பாதுகாப்பைத் தருகிறது. 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும் என்கிறது. அவரைக் குற்றவாளியாக்கிய பழைய 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள புதிய குற்றச் சட்டத்தில் அப்படியே இடம்பெறவில்லை. போலீஸுக்குப் பயந்து வாய் மூடியிருந்த குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் சட்டப் புத்தகம் யாருடைய துயரத்தையும் காதுகொடுத்துக் கேட்பதில்லை! கேட்க மனிதர் வேண்டும். உட்கார அறை வேண்டும். சம்பளம் போடப் பணம் வேண்டும். மத்திய சர்க்காரின் சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான்.

1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, "சோஷலிச பாணிச் சமுதாயம்" அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எழுபது ஆண்டுகள் போய்விட்டன. அதே ஆவடியில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி, ஒரு நாள் கூலியை இழக்காமல், மானம் போகாமல், தன் தாய்மொழியில் ஒரு மணி நேரம் பேச இடம் தேடினால் இன்றும் அலையத்தான் வேண்டியிருக்கிறது.

பேசினால் என்ன ஆகும்?

"பேசினால் கடன் தீருமா?" என்று கேட்கும் தோழர் உண்டு. நியாயமான கேள்வி. கடன் தீராது. ஆனால் பேச்சுச் சிகிச்சை என்பது வம்புப் பேச்சல்ல, உபதேசமும் அல்ல, "கவலைப்படாதே, எல்லாம் சரியாகும்" என்ற தேறுதலும் அல்ல. அது ஒரு வேலை. அதற்கென முறை உண்டு. எந்த எண்ணம் எப்போது வருகிறது, அது வந்தால் உடம்பு என்ன செய்கிறது, அதற்குப் பிறகு நாம் என்ன செய்கிறோம் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். மலைபோல் நிற்கும் பிரச்னையைக் கூறுபோட்டு, இந்த வாரம் கையில் எடுக்கக்கூடிய ஒரு துண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். துயரத்தால் கைவிட்ட காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வைக்கிறார்கள். அடுத்த வாரம் அது எப்படி நடந்தது என்று பார்க்கிறார்கள்.

இது வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1996-இல் கோவாவில் தோன்றிய 'சங்காத்' என்ற அமைப்பு, மனநலப் படிப்புப் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது. கடும் மனச்சோர்வில் இருந்தவர்களோடு அவர்கள் ஆறு முதல் எட்டு முறை பேசினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் பேசியவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. அளவுமீறிக் குடித்த ஆண்களிடமும் இதே விதமாகப் பேசிப் பயன் கண்டார்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006-இல் ஆரம்பித்த திட்டத்தில், ஆலோசகர்கள் யார் தெரியுமா? பாட்டிமார்! ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு; அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. அதுவும் பலன் தந்தது என்று 2016-இல் ஆய்வு காட்டிற்று.

இந்த இரண்டிலும் ஒரு பொதுவான உறுப்பு உண்டு. அதைக் கவனியுங்கள். பேசியவர்கள் தனியாக விடப்படவில்லை. கோவாவில் ஆலோசகரின் பேச்சைப் பதிவு செய்து, குழுவாக உட்கார்ந்து கேட்டு, குறை நிறை பார்த்தார்கள். மேற்பார்வைதான் இதன் முதுகெலும்பு.

மாணவ ஆலோசகர் என்ற யோசனை

இங்கேதான் நமது யோசனை வருகிறது. உளவியல் படிக்கும் மாணவர்கள் பட்டம் பெறுமுன் ஆட்களிடம் உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் எம்.ஃபில். படிப்பில் இரண்டு ஆண்டுகள் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சி உண்டு. மாணவருக்குப் பழக ஆள் வேண்டும். நமக்குப் பேச ஆள் வேண்டும். கல்லூரி மேற்பார்வையாளரைத் தருகிறது. ஆகவே தனியார் அறையில் ஆயிரத்து ஐந்நூறு ஆகும் ஒரு மணி நேரத்தை மிகச் சொற்பக் கட்டணத்திலோ இலவசமாகவோ தர முடியும்.

இது புதிய சங்கதியா? இல்லை. நூறு ஆண்டுப் பழமை உடையது. 1918 செப்டம்பரில், முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், புடாபெஸ்ட் நகரில் உளப்பகுப்பாய்வு மருத்துவர்களின் மாநாடு கூடிற்று. அங்கே சிக்மண்ட் பிராய்டு பேசினார். உயிர் காக்கும் அறுவைச் சிகிச்சையில் ஏழைக்கு எவ்வளவு உரிமை உண்டோ, மனத்துக்கான உதவியிலும் அவ்வளவு உரிமை உண்டு. சமுதாயத்தின் மனச்சாட்சி ஒரு நாள் விழித்துக்கொள்ளும். அன்று இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும் என்பது அவர் பேச்சின் சாரம். 1920 பிப்ரவரியில் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கானும் எர்ன்ஸ்ட் சிம்மலும் அப்படி ஒரு நிலையத்தைத் திறந்தார்கள். முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள்; முடியாதவர்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. பயிலும் மருத்துவர்கள் மூத்தவர்களின் மேற்பார்வையில் அங்கே வந்தவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். உலகெங்கும் உளப்பகுப்பாய்வுப் பயிற்சிக்கு அதுவே முன்மாதிரி ஆயிற்று. 1922-இல் வியன்னாவிலும் இலவச நிலையம் பிறந்தது. அங்கே வேலை பார்த்த வில்ஹெல்ம் ரைக், 1920-களின் கடைசியில் தொழிலாளர் பேட்டைகளுக்கே போய் ஆலோசனை நிலையங்கள் நடத்தினார்.

பிறகு என்ன நடந்தது? 1933-இல் ஹிட்லர் வந்தான். பிராய்டின் புத்தகங்கள் பெர்லின் வீதியில் கொளுத்தப்பட்டன. ஐட்டிங்கான் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. ஏழை வாய் திறந்து பேசுவதும், அதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்பதும் பாசிஸ்டுகளுக்குப் பிடிக்காததில் ஆச்சரியம் என்ன?

"ஏழைகள் சோதனை எலிகளா?"

இந்தக் கேள்வியை எழுப்பும் தோழரை நாம் மதிக்கிறோம். அம்பத்தூர்த் தொழிலாளிக்கு "டிரெய்னி" என்ற வார்த்தையின் அர்த்தம் நன்றாகத் தெரியும். பயிற்சி என்று பெயர் சொல்லி நிரந்தரத் தொழிலாளியின் வேலையை வாங்குவது. அரைச் சம்பளம் கொடுப்பது. காலம் முடிந்ததும் வெளியே தள்ளி வேறு ஆளை எடுப்பது. இந்தத் தந்திரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன், "எங்கள் மனத்துக்கும் டிரெய்னிதானா?" என்று கேட்டால் தப்பா?

தப்பில்லை. ஆனால் பதில் உண்டு. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் நோயாளிகளிடம்தான் வைத்தியம் கற்கிறார்கள். அங்கே ஆபத்து மாணவரால் வருவதில்லை. பக்கத்தில் பேராசிரியர் இல்லாவிட்டால்தான் வரும். புதுப் பையன் லேத்தில் நிற்கும்போது மேஸ்திரி பக்கத்தில் நின்றால் அது பயிற்சி. மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டால் அது விபத்து. மனத்தின் விஷயத்திலும் இதே விதிதான்.

ஆகவே நாம் கேட்பது மாணவரை மட்டும் அல்ல. மேற்பார்வையோடு கூடிய மாணவரை. அந்த மேற்பார்வை விளம்பரப் பலகையில் இருந்தால் போதாது; வாரம் தவறாமல் நடக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறோம். மாணவர் வந்துவிட்டார் என்று காரணம் காட்டி, சர்க்கார் நிரந்தர ஆலோசகர் பதவியை நிரப்பாமல் விட்டால் அதை எதிர்க்க வேண்டும். அந்த மாணவர்களிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் சம்பளமில்லா வேலை வாங்கினால் அதையும் எதிர்க்க வேண்டும். கேட்கிறவர் வயிறு காய்ந்துகிடந்தால் சொல்கிறவரின் துயரம் அவர் காதில் ஏறுமா?

"கூலி உயர்ந்தால் எல்லாம் சரியாகும்"

இப்படிச் சொல்லும் தோழர்களும் நம்மிடையே உண்டு. "துயரத்தின் வேர் சுரண்டல். வேரை வெட்டுவோம், கிளைக்கு எதற்கு மருந்து?" என்கிறார்கள். கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் காசநோயின் வேர் எது? பசியும் நெருக்கடி வீடும்தானே? வறுமை ஒழியும்வரை காசநோய்க்காரனுக்கு ஊசி போடமாட்டோம் என்று யாராவது சொன்னோமா?

இந்தச் சென்னையிலேயே நடந்ததைக் கேளுங்கள். 1956-இல் இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் அமைந்தது. காசநோய்க்கு நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் உள்ள சானடோரியமே கதி என்று எண்ணியிருந்த காலம் அது. நகரத்தின் ஏழை வீடுகளிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாக இவர்களும் குணமானார்கள்! 1959-இல் வெளியான அந்த முடிவு உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றிற்று. நல்ல வைத்தியம் பணக்கார மாளிகையில்தான் நடக்கும் என்ற கட்டுக்கதையை உடைத்தது சென்னைக் குடிசைவாசிகள்தான். நெஞ்சு நோயில் நடந்தது மன நோயில் ஏன் நடக்கக்கூடாது?

தூக்கமில்லாத தோழன் யூனியன் கூட்டத்துக்கு வருவதில்லை. குடியில் முழுகியவன் கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போட்டதையும் மறந்துவிடுகிறான். "எதுவும் மாறாது" என்ற எண்ணம் நோயாகப் பிடித்தவனிடம் போராடு என்றால் அவன் எப்படி எழுவான்? 2021 அக்டோபர் 1-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, ஆவடித் தொழிற்சாலைகள் கம்பெனிகளின் கீழ்ப் போயின. நாளை நம் வேலை என்ன, பென்ஷன் என்ன என்ற கவலை அங்கே வீடு வீடாகப் புகுந்தது. அந்தக் கவலைக்குத் தீர்வு போராட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் போராடுகிற மனிதன் அதுவரை நொறுங்காமல் இருக்க வேண்டாமா? இரண்டும் வேண்டும். கூலியும் வேண்டும், தூக்கமும் வேண்டும்.

அதே மூச்சில் முதலாளிமாரின் "மனநல" வேஷத்தையும் தோலுரிப்போம். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, கேன்டீன் சுவரில் "மனமகிழ்ச்சியோடு இரு" என்று போஸ்டர் ஒட்டினால் அது வைத்தியமல்ல. கம்பெனியே ஆலோசகரை அமர்த்தி, தொழிலாளி சொன்னது அன்று மாலையே ஆபீஸுக்குப் போய்ச் சேருமானால் அதற்குப் பெயர் ஆலோசனை அல்ல, வேவு! நாம் கேட்கும் அறை கம்பெனி கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

கீழ்ப்பாக்கம் என்ற வசை

நம்மிடமும் ஒரு குறை இருக்கிறது. யாரையாவது கேலி செய்ய வேண்டுமானால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்கிறோம். 1794-இல் தோன்றிய ஒரு ஸ்தாபனத்தின் வழிவந்த மனநல ஆஸ்பத்திரி அது. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984-இல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு நோயாளிகளுக்காகக் கடைசிவரை உழைத்து, 2021-இல் மறைந்தார். ஆயிரமாயிரம் ஏழைகள் குணமாகித் திரும்பிய இடத்தின் பெயர் நமக்கு வசைச்சொல்! இந்த வசைக்குப் பயந்துதான் நம் தோழன் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காமல் கடைசியில் எங்கே போகிறான்? 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களைப் பழிப்பது சுலபம். பக்கத்து ஊரில் கேட்க ஒரு காதும் வைத்தியமும் இருந்திருந்தால் அவர்கள் ஏன் அவ்வளவு தூரம் போயிருக்கப் போகிறார்கள்?

போகிறவர் கேட்க வேண்டியவை

மாணவ ஆலோசகரிடம் முதல் தடவை போகும் தோழர், தயங்காமல் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதை அல்ல, உரிமை.

1. உங்கள் மேற்பார்வையாளர் யார்? அவர் தகுதி என்ன? வாரம் எத்தனை முறை அவரிடம் என் விஷயத்தைப் பேசுவீர்கள்?

2. நான் சொல்வது யார் யாருக்குத் தெரியும்? பேச்சைப் பதிவு செய்தால் என் சம்மதம் கேட்பீர்களா? உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்வீர்கள்?

3. கட்டணம் எவ்வளவு? லே-ஆஃப் வந்து கொடுக்க முடியாமல் போனால் நிறுத்திவிடுவீர்களா?

4. உங்கள் படிப்புக் காலம் எப்போது முடிகிறது? முடிந்தால் என்னை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? (இது முக்கியம். நெஞ்சைத் திறந்து சொன்ன கதையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை புது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல வைப்பது கொடுமை.)

5. எனக்கு மருந்து தேவை என்று பட்டால் எந்த டாக்டரிடம் அனுப்புவீர்கள்?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. மாணவ ஆலோசகர் மருந்து எழுத முடியாது. காதில் இல்லாத குரல் கேட்பது, நாள்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் விடாமல் துரத்துவது, இவற்றுக்கு மனநல மருத்துவர் வேண்டும், தாமதம் கூடாது. அப்படிப்பட்ட எண்ணம் வந்தால் இரவானாலும் பகலானாலும் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவசச் சேவை அது, தமிழில் பேசலாம். முதல் தடவை பேசி மனம் ஒட்டவில்லை என்றால், வேறு ஆலோசகரைக் கேட்கலாம். ஒரு செருப்பு கடித்தால் நடப்பதையே விட்டுவிடுகிறோமா?

நமது கோரிக்கைகள்

ஆட்கள் இல்லை என்ற சாக்கு இந்தப் பகுதியில் செல்லாது. போரூரில் இராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியல் கற்பிக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. 1993-இல் பிறந்த 'பான்யன்' அமைப்பு அம்பத்தூருக்கு அடுத்த முகப்பேரில் இருக்கிறது; 'ஸ்கார்ஃப்' அண்ணாநகர் மேற்கில் இருக்கிறது. மாணவரும் ஆசிரியரும் கூப்பிடு தூரத்தில். இடையே ஒரு பாலம் போட வேண்டியவர்கள்தான் தூங்குகிறார்கள்.

பணம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் ஒவ்வொரு இ.எஸ்.ஐ. தொழிலாளியின் சம்பளத்திலும் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்ட வேண்டும். அது நம் பணம். காய்ச்சலுக்கு மாத்திரை தரும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, மனத்தின் காய்ச்சலுக்கு ஏன் கதவடைக்க வேண்டும்?

ஆகவே கோருகிறோம்:

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தின் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிகளிலும் நகர்ப்புற சுகாதார நிலையங்களிலும் கதவு மூடிய ஓர் அறையைப் பேச்சுச் சிகிச்சைக்கு ஒதுக்கு! ஷிப்டு முடிந்த மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதைத் திறந்து வை!

பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் செய்து மாணவ ஆலோசகர்களை அனுப்பு! ஒவ்வொரு நிலையத்துக்கும் தகுதி பெற்ற நிரந்தர மேற்பார்வையாளரை நியமி! மாணவருக்கு உதவித்தொகை கொடு!

பெண்கள் பேசப் பெண் ஆலோசகர் இருக்க வேண்டும். எஸ்டேட்டில் நம்மோடு தோளுரசி நிற்கும் ஒடியா, வங்காளி, இந்தி பேசும் தோழனுக்கு அவன் பாஷையில் ஆலோசகர் இருக்க வேண்டும். ஊரைவிட்டு வந்தவனின் இரவு நம் இரவைவிட நீளம்.

சொன்னது எதுவும் நிர்வாகத்தின் காதுக்குப் போகக் கூடாது. சிகிச்சைக்குப் போனதைக் காரணம் காட்டி ஒருவனையும் வேலை நீக்கம் செய்யக் கூடாது!

யூனியன் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்துக்கும், ஆவடி மாநகராட்சிக்கும், கலெக்டருக்கும் மனு போக வேண்டும். மனு போன பிறகும் காத்திருக்க வேண்டாம். "தூக்கம் வருகிறதா?" என்று பக்கத்து மெஷின்காரனை ஒரு வார்த்தை கேளுங்கள். களத்து மேட்டில் ஒதுங்கி உட்கார்ந்தவளை "என்னம்மா, சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அவர்கள் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு, தனியாக அனுப்பாமல், அந்த அறை வரை கூடவே நடந்து போங்கள்.

எட்டு மணி நேர வேலையை யாரும் தானமாகத் தரவில்லை, இ.எஸ்.ஐ.யையும் யாரும் தானமாகத் தரவில்லை. கேட்டோம், சேர்ந்து கேட்டோம், விடாமல் கேட்டோம், வந்தது. இதையும் கேட்போம்!